லைட்டருக்குத் தடை, தீப்பெட்டிக்குச் சலுகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நலிந்துவரும் தொழிலுக்கு அரசு முட்டுக் கொடுக்கலாமா? கொடுத்தால் எத்தனை நாளைக்கு? அந்தக் காசு யார் பையிலிருந்து போகிறது? பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு கொள்கையைச் சொல்லிவிட்டுக் கலைந்துவிடலாம். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் நூறு வருடக் கணக்கைப் பார்த்தால் அப்படி நழுவ முடியாது. இங்கே எடுத்துக்கொண்டது தீப்பெட்டி. கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர், எட்டயபுரம், கழுகுமலை, வடக்கே குடியாத்தம் என்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நேரடியாகச் சோறு போடும் தொழில். வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள்.

ஒரு தொழிலைக் காப்பாற்றுவது என்றால் அரசு என்னதான் செய்கிறது?

வெளியிலிருந்து வரும் பொருளின் விலையை ஏற்றலாம். இறக்குமதி வரி, குறைந்தபட்ச இறக்குமதி விலை, உரிமம், ஒரேயடியாகத் தடை எல்லாம் இந்த வகை. இல்லையென்றால் உள்ளூரில் செய்பவரின் செலவைக் குறைக்கலாம். மானியம், வரிச்சலுகை, இலவச மின்சாரம், குறைந்த வட்டிக் கடன், அரசே வாங்கிக்கொள்வது எல்லாம் அந்த வகை. இந்தியாவில் இன்னொரு வழியும் இருந்தது. "இந்தப் பொருளைச் சிறுதொழில்கள் மட்டுமே செய்யலாம்" என்று ஒதுக்கிவிடுவது.

மானியம் பட்ஜெட்டில் ஒரு வரியாகவாவது வரும், சட்டமன்றத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள். இறக்குமதி வரியால் ஏறும் விலை எந்தக் கணக்கிலும் வராது, கடையில் சில்லறையாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். அரசுகளுக்கு இறக்குமதி வரி பிடித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தீப்பெட்டிக்கு முதன்முதலில் பாதுகாப்பு வந்தது எப்போது?

பாதுகாப்பு என்று நினைக்காமலேயே வந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு வெள்ளைக்கார அரசுக்குப் பணமுடை. 1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கவரி போட்டார்கள். குரோஸ் என்றால் 144 பெட்டி. பழைய கணக்கில் பெட்டிக்கு 2 தம்படி வருகிறது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அன்றைக்குப் பொருளின் விலையையே மிஞ்சிய வரி அது. கஜானாவை நிரப்பப் போட்ட வரி, உள்ளூரில் தீப்பெட்டி செய்தால் லாபம் என்ற நிலையை உண்டாக்கிவிட்டது.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பியதும் அந்தச் சமயத்தில்தான். மழை குறைந்த, விவசாயம் பொய்த்த கரிசல் பூமி. ஈரமில்லாத காற்று தீக்குச்சி காய்வதற்கு ஏற்றது, வேலைக்கு ஆளும் கிடைத்தது. 1928-ல் சுங்கவரி வாரியம் விசாரித்து, வருவாய்க்காகப் போட்ட அந்த வரியைத் தொழில் பாதுகாப்பு வரியாகவே நீட்டிக்கச் சொன்னது, அப்படியே ஆனது.

அப்போ வரி போட்டதும் வெளிநாட்டுக் கம்பெனி ஓடிவிட்டதா?

இல்லை, உள்ளே வந்துவிட்டது. உலகத் தீப்பெட்டிச் சந்தையையே கையில் வைத்திருந்த ஸ்வீடன் கம்பெனி, இறக்குமதி செய்தால்தானே வரி என்று யோசித்து, 1923-ல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற பெயரில் இங்கேயே ஆலை போட்டது. சுருக்கமாக விம்கோ. பம்பாய்ப் பக்கம் அம்பர்நாத், கல்கத்தா, வடக்கே பரேலி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர் என்று இந்தியா முழுக்க விரிந்தது. விம்கோ நகர் என்ற பெயர் திருவொற்றியூரில் முதலில் ரயில் நிலையத்துக்கு ஒட்டிக்கொண்டது, 2021-ல் மெட்ரோ நிலையத்துக்கும் வந்தது. தினமும் அங்கே இறங்கி ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, ஒரு சுங்கவரியைத் தாண்டிக் குதித்த கம்பெனியின் பெயர் அது என்று.

இன்னொரு குறுக்குவழியும் அப்போதே கண்டுபிடிக்கப்பட்டது. முழுத் தீப்பெட்டிக்குத்தானே வரி? மருந்து முக்காத வெறும் குச்சியையும் பெட்டிக்கான மெல்லிய பலகையையும் தனியாக இறக்கி, இங்கே ஒட்டி அடைத்து விற்றார்கள். பிறகு அதற்கும் தனியாக வரி போட வேண்டியதாயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், லைட்டர் விஷயத்தில் இதே காட்சி திரும்ப வரும்.

இயந்திரத்தில் செய்யும் விம்கோவைக் கையால் செய்யும் சிவகாசி எப்படித் தாக்குப்பிடித்தது?

எல்லையில் போட்ட வரி இதற்கு உதவவில்லை. போட்டியாளர் ஊருக்குள்ளேயே இருந்தார். உதவியது கலால் வரி, அதாவது உள்நாட்டில் செய்யும் பொருளுக்குப் போடும் வரி. 1934-ல் உள்ளூர்த் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும், பேண்ட்ரோல் என்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வரியை ஆலையின் அளவைப் பார்த்துப் போட்டார்கள். முழு இயந்திர ஆலைக்கு அதிக வரி, கைவேலை ஆலைக்குக் குறைவு, குடிசைத் தொழிலுக்கு இன்னும் குறைவு. கூடவே சிறுதொழில் ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. பெரிய கம்பெனி புதிதாக ஆலை போட முடியாது, வேண்டுமானால் சிறிய ஆலைகளிடம் வாங்கித் தன் பெயரில் விற்கலாம். பின்னாளில் ஐடிசி தீப்பெட்டி வியாபாரத்துக்குள் வந்ததுகூட முதலில் சிறு ஆலைகளிடம் வாங்கி விற்கும் வழியில்தான். விம்கோவையே ஐடிசி வாங்கியது அதற்குப் பிறகு.

ஆக, வரி வித்தியாசம் வேலை செய்தது. வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் நடத்திய சிறு முதலாளிகள், உலகத்தின் பெரிய தீப்பெட்டிக் கம்பெனியின் கிளையைச் சந்தையில் பின்னுக்குத் தள்ளினார்கள். பாதுகாப்பே வீண் என்று சொல்பவர்கள் இந்தக் கதையை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, அதனால் கெடுதல் எதுவும் இல்லையா?

இருக்கிறது. சிறியதாக இருந்தால்தான் சலுகை என்றால் யாரும் பெரிதாக மாட்டார்கள். ஒரு ஆலை வளர்ந்து வரம்பைத் தொடும்போது, அதை இன்னும் வளர்ப்பதைவிட மனைவி பேரிலும் மச்சான் பேரிலும் பிரித்துப் புது ஆபீஸ் தொடங்குவது லாபமாகிவிடும். (அந்தப் பக்கம் ஆலையை 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள்.) இயந்திரம் வாங்கினால் அதிக வரி வகைக்குப் போய்விடுவோம் என்ற பயம் இருந்தால் இயந்திரமும் வராது.

அப்புறம், கையால் செய்வதற்குத்தான் சலுகை என்றால் மலிவான கை வேண்டும். மரச்சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலைக்கும் பெட்டி ஒட்டும் வேலைக்கும் பிள்ளைகளின் விரல்கள் பயன்பட்டன. விடியுமுன் ஊர் ஊராக வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன காலம் அது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் சிறார்களை வைத்துக்கொள்வதைத் தடுத்தது. 1996-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. சலுகை கொடுத்த அரசு, இந்தச் சலுகை யார் முதுகில் ஏறி நிற்கிறது என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வரிச்சலுகைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் ஒரு கேள்வியாகவே அதைச் சேர்த்திருக்கலாம்.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தச் சலுகை என்னவாயிற்று?

2017-ல் கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்று தொடங்கியது. எது கை, எது இயந்திரம் என்று பிரிப்பதே தலைவலி. மருந்து முக்குவது இயந்திரம், அடைப்பது கை என்றால் எந்தக் கணக்கு? 2020 ஏப்ரலிலிருந்து எல்லாவற்றுக்கும் 12 என்று ஒன்றாக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5. சிறுதொழில் ஒதுக்கீடு 2015-லேயே போய்விட்டது. கடைசியாக மிச்சமிருந்த 20 பொருள்களின் பட்டியலில் ஊறுகாய், மெழுகுவத்தி, ஊதுவத்தி, பட்டாசோடு தீப்பெட்டியும் இருந்தது. ஆக, சின்னவருக்கென்று தனி வரி, தனி இடம் இரண்டும் இப்போது இல்லை.

லைட்டர் தடை என்கிறார்களே, அது எப்படிப்பட்ட தடை?

2018 பட்ஜெட்டில் லைட்டர் மீதான இறக்குமதி வரியை 10-லிருந்து 20 சதவீதமாக ஏற்றிப் பார்த்தார்கள், போதவில்லை. 2022 செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பத்து ரூபாய்க்கு விற்கும் ஒரு பிளாஸ்டிக் லைட்டர் இருபது தீப்பெட்டிகளை விழுங்கிவிடுகிறது, ஆகவே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் லைட்டரைத் தடை செய்யுங்கள் என்று. 2023 ஜூன் 29 அன்று அறிவிக்கை வந்தது: கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து ஒன்றின் விலை 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அந்த லைட்டரை இறக்குமதி செய்யக்கூடாது.

சட்டப்படி இது முழுத் தடை இல்லை. 20 ரூபாயும் அதற்கு மேலும் உள்ளதை இறக்கலாம், வரி கட்ட வேண்டும். 20 ரூபாய்க்கு இறக்கி அதன்மேல் 20 சதவீதம் சுங்கம் கட்டினாலே 24 ஆகிறது. அப்புறம் ஜி.எஸ்.டி., வியாபாரி லாபம். டீக்கடையில் தொங்கும் பத்து ரூபாய் லைட்டருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை, நோக்கமும் அதுதான்.

நான் வைத்திருக்கும் லைட்டரைப் பறிமுதல் செய்வார்களா?

மாட்டார்கள். இது இறக்குமதிக்கான விதி.

தடைக்குப் பிறகு லைட்டர் நின்றதா?

நூறு வருடத்துக்கு முந்தைய அந்த வெறும் குச்சியை நினைத்துப் பாருங்கள். முழு லைட்டருக்குத்தானே தடை? உதிரி பாகங்களாக வந்தன. இங்கே பூட்டி, வாயு நிரப்பி, உள்ளூர் உற்பத்தியாகச் சந்தைக்குப் போயின. உற்பத்தியாளர் சங்கங்கள் மறுபடி மனுவோடு நடந்தன. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது.

விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும்வரை யாராவது ஒருவர் சந்து தேடிக்கொண்டே இருப்பார். அதற்காக எந்தத் தடையும் போடக்கூடாது என்றில்லை. ஒரு அறிவிக்கையோடு வேலை முடிந்தது என்று டெல்லியில் நினைத்தால் அதுதான் தப்பு. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் சம்பளம் வேண்டும். பாதுகாப்பின் செலவில் இதையும் சேர்க்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

வாங்குபவர். கடிதத்தில் இருந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு லைட்டர், இருபது தீப்பெட்டி. லைட்டர் பத்து ரூபாய். தீப்பெட்டி இரண்டு ரூபாய் என்றால் இருபது பெட்டிக்கு நாற்பது. லைட்டர் கிடைக்காமல் தீப்பெட்டிக்குத் திரும்பும் ஆள் முப்பது ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார், பல மாதங்களில் பரவலாக. அதனால் வலிப்பதில்லை, யாரும் கொடி பிடிப்பதுமில்லை. கிடைக்கும் பலனோ இரண்டு மூன்று மாவட்டங்களில் குவிந்து கிடக்கிறது. அங்கே ஒவ்வொரு தேர்தலிலும் இது பேச்சாகிறது. காப்பு வரிகள் எளிதில் வருவதும் எளிதில் போகாததும் இதனால்தான்.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பத்து ரூபாயில் லைட்டரின் முழுச் செலவும் இல்லை. வாயு தீர்ந்ததும் பிளாஸ்டிக்கும் உலோகமுமாகச் சாக்கடையில் கிடப்பதை அள்ளும் செலவு ஊராட்சியின் தலையில். தீக்குச்சி எரிந்தால் சாம்பல், பெட்டி அட்டை. குப்பைச் செலவுக்காக லைட்டருக்கு ஒரு வரி என்றால் நான் முழுமனதோடு ஆதரிப்பேன், உள்நாட்டில் செய்ததா வெளிநாட்டில் செய்ததா என்று பார்க்காமல்.

கூடுதலாகக் கொடுக்கும் காசு தொழிலாளிக்குப் போகிறதா?

இதற்குத்தான் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். பதினாலு வருடமாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டியை 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயாக்கினார்கள். அப்போது உற்பத்தியாளர்கள் சொன்ன காரணம் மூலப்பொருள். சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425-லிருந்து 810 ரூபாய், மெழுகு 58-லிருந்து 80, மேல்பெட்டி அட்டை 36-லிருந்து 55, உள்பெட்டி அட்டை 32-லிருந்து 58. எல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

600 பெட்டி கொண்ட ஒரு பண்டலை அதுவரை 270 முதல் 300 ரூபாய்க்கு விற்று வந்தார்கள். இனி 430 முதல் 480 என்று முடிவானது, ஜி.எஸ்.டி.யும் லாரி வாடகையும் தனி. பெட்டிக்கு வகுத்துப் பாருங்கள். முன்பு 45 முதல் 50 காசு, பிறகு ஏறக்குறைய 72 முதல் 80 காசு. கடையில் விலை இரண்டு மடங்கு, ஆபீஸ் வாசலில் அறுபது சதவீதம் மட்டும். ஒரு ரூபாய்ப் பெட்டியில் வரி, வாடகை, வியாபாரிகள் எல்லாருக்குமாக 50 முதல் 55 காசு போனது. இரண்டு ரூபாய்ப் பெட்டியில் அது 1 ரூபாய் 20 காசுக்கு மேல். ஆபீஸுக்குக் கூடுதலாகக் கிடைத்த கால் ரூபாய்ச் சொச்சத்தில் பாஸ்பரஸுக்கும் அட்டைக்கும் போக மிஞ்சியதில்தான் கூலி உயர வேண்டும். தீப்பெட்டி விலை ஏறினால் பெட்டி அடைக்கும் பெண்ணுக்கு நல்லது என்று மேடையில் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

அப்படியென்றால் மானியமாகவே கொடுத்துவிடலாமே?

எனக்கு அது மேல் என்று தோன்றுகிறது, காசு யாருக்குப் போகிறது என்பதாவது தெரியும். தமிழ்நாட்டில் இதற்குப் பழக்கமான உதாரணம் நெசவு. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் 300 ஆக்கினார்கள், விசைத்தறிக்கு 750-ஐ 1,000 ஆக்கினார்கள். 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் பொங்கலுக்கு ஏழைக்குத் துணி கொடுப்பது ஒரு பக்கம், தறிக்குச் சில மாதம் வேலை கொடுப்பது இன்னொரு பக்கம்.

ஆனால் மானியமும் தப்பான ஆசையைத் தூண்டும். தறி எண்ணிக்கைக்குக் கொடுத்தால் ஓடாத தறியும் கணக்கில் ஏறும். யூனிட்டுக்குக் கொடுத்தால் மின்சாரம் குடிக்கும் பழைய மோட்டாரை மாற்ற யாருக்கும் அவசரமில்லை. தொழிலாளியின் காப்பீடு, ஓய்வூதியம், புது இயந்திரத்துக்கான கடன் வட்டி என்று குறிப்பிட்ட இடத்தில் கொடுத்தால் கசிவு குறைவு.

உலக வர்த்தக அமைப்பு இதையெல்லாம் அனுமதிக்குமா?

ஒப்புக்கொண்ட உச்சவரம்புக்குள் இறக்குமதி வரி போடலாம். அளவுக் கட்டுப்பாடும் தடையும் பொதுவாகக் கூடாது, நாட்டுப் பாதுகாப்பு, உடல்நலம், சுற்றுச்சூழல் போன்ற காரணங்களுக்கு விதிவிலக்கு உண்டு. இந்தியா தன் பழைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியை 2001 ஏப்ரலோடு விலக்கிக்கொண்டதும் இதே காரணத்தால்தான். ஏற்றுமதி செய்தால் மானியம் என்பது கண்டிப்பாகக் கூடாது. அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019 அக்டோபரில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. ஏற்றுமதிக்கான பழைய ஊக்கத்தொகைத் திட்டத்தை எடுத்துவிட்டு, ஏற்றுமதியாளர் ஏற்கெனவே கட்டிய வரிகளைத் திருப்பித் தரும் திட்டத்தை 2021-லிருந்து கொண்டுவந்தார்கள்.

ஒரு தொழிலைக் காப்பாற்றினால் இன்னொன்று அடிபடுமா?

தீப்பெட்டியில் இது அவ்வளவாகத் தெரியாது, தீப்பெட்டியை வைத்து வேறு பொருள் செய்பவர் யாருமில்லை. பஞ்சில் தெரியும். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு மொத்தம் 11 சதவீத வரி வந்தது. பருத்தி விவசாயிக்கு அது காப்பு, திருப்பூருக்கும் கோவை நூற்பாலைகளுக்கும் அது செலவு. பஞ்சு விலை எகிறியபோது 2022-ல் சில மாதம் வரியை நிறுத்தினார்கள். அமெரிக்கா நம் ஆடைகளுக்கு 50 சதவீத வரி போட்டபோது, 2025 ஆகஸ்ட்டில் மறுபடி நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் நன்றிக் கடிதம், மறுபக்கம் கண்டன ஆர்ப்பாட்டம்.

லைட்டர் போய்விட்டால் தீப்பெட்டி மீண்டும் பழைய நிலைக்கு வருமா?

சந்தேகம்தான். தீப்பெட்டியின் எதிரி சிகரெட் லைட்டர் மட்டுமில்லை. விறகடுப்பும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் போய் கேஸ் வந்தது. கேஸ் அடுப்பைப் பற்றவைக்க ஒரு தட்டுத் தட்டினால் பொறி பறக்கும் லைட்டர் வந்தது, அது வருடக்கணக்கில் உழைக்கும், அதை இந்தத் தடை தொடவும் இல்லை. கரண்ட் போனால் மெழுகுவத்தி தேடிய காலம் மாறி போன் டார்ச் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது பூஜை அறை, பீடி சிகரெட், கிராமத்து அடுப்பு, அப்புறம் ஏற்றுமதி. எல்லையில் வரி போட்டுக் கடல் தாண்டி வருவதைத் தடுக்கலாம், அடுக்களை மாறுவதைத் தடுக்க எந்த அமைச்சகத்திலும் அறிவிக்கை கிடையாது.

எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கலாம்?

1921-22-ல் இந்திய நிதிக் கமிஷன் இதற்கு மூன்று நிபந்தனை வைத்தது. தொழிலுக்கு இயற்கையாகவே இங்கே ஏதாவது சாதகம் இருக்க வேண்டும், உதவி இல்லாமல் அது வளர முடியாத நிலை இருக்க வேண்டும், கடைசியில் உதவி இல்லாமலே போட்டியைச் சந்திக்கும் நிலைக்கு வர வேண்டும். முதல் இரண்டையும் எல்லாரும் மனுவில் எழுதிவிடுவார்கள். மூன்றாவதுக்குத் தேதி போட்டு எழுதிய மனுவை நான் பார்த்ததில்லை.

லைட்டர் தடைக்கும் அப்படியொரு தேதி இருந்திருக்க வேண்டும். ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எத்தனை ஆபீஸ்கள் இயந்திரத்துக்கு மாறின, வேலை இழந்த பெண்களுக்கு என்ன மாற்று வேலை கிடைத்தது, ஏற்றுமதி ஏறியதா, கூலி ஏறியதா என்று வருடா வருடம் கணக்குக் கேட்கலாம். 2023-ல் வந்த அறிவிக்கையில் முடிவுத் தேதி என்று எதுவும் இல்லை.